லிஃப்ட் அக்காவின் இரண்டு விருப்பங்கள்

லிஃப்ட் அக்கா என்பது மாணவர்கள் வைத்த பெயர். பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் பதினெட்டு வருடமாக அவள் மெக்கானிக். நகரத்தின் மூன்று பெரிய பல்கலைக்கழகங்களும் அவளுடைய மாதச் சுற்றில் வந்தன. சாம்பல் நிறச் சீருடையும் தோளில் கருவிப் பையுமாக அவள் வாசலில் தலைகாட்டினாலே, "அப்பாடா, அக்கா வந்தாச்சு, இனிமே படி ஏற வேணாம்" என்று யாராவது சொல்வார்கள். மூன்று இடத்திலும் அவளுக்குத் தெரியாத மாடி கிடையாது. எந்த வகுப்பறையிலும் உட்கார்ந்ததுதான் இல்லை.

பதினெட்டு வயதில் டிப்ளமோ முடித்தபோது மேலே படிக்கிற அளவுக்கு மதிப்பெண் இருந்தது. அந்த வருடம்தான் அவள் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வேலைக்குப் போனாள். வேலை பிடித்துப்போயிற்று. பிறகு கல்யாணம், ஒரு மகள், இரண்டு வீடு மாற்றம் என்று வருடங்கள் ஓடின. படிக்காமல் போனதைப் பற்றி அவள் யாரிடமும் மூக்கைச் சிந்தவில்லை. ஆனால் ஒரு மோட்டார் ஏன் சூடாகிறது என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு சூடாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடத் தெரியாது. அது மட்டும் காலில் தைத்த சிலாம்பு மாதிரி அவ்வப்போது குத்தும்.

அவளுக்கு முப்பத்தாறு வயதானபோது ஒரு நாள், அவளுடைய சீருடையைத் துவைக்கப் போட்ட கணவர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். காலை ஷிஃப்ட் முடித்து வருகிற நாட்களில் துணி துவைப்பது அவர் பாடு.

"இது என்ன?"

"நோட்டீஸ். லிஃப்டுக்குள்ள ஒட்டியிருந்தாங்க. ஒட்டக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னாலும் கேக்க மாட்டாங்க. கிழிச்சுப் போட்டேன்."

"கிழிச்சுப் போட்டதை யாராவது இவ்வளவு அழகா மடிச்சு வைப்பாங்களா?"

அவள் அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

டிப்ளமோ முடித்துப் பத்து வருடம் வேலை பார்த்தவர்கள் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்று அந்த நோட்டீஸ் சொன்னது. மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே விண்ணப்பம். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டே இடம். ஒருவர் இரண்டு பல்கலைக்கழகங்களைத்தான் குறிப்பிடலாம். அதையும் முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று வரிசைப்படுத்த வேண்டும்.

"போடு," என்றார் கணவர்.

"போட்டா ஆச்சா? எங்க போடறது?"

"அதுக்குத்தான் புத்தகம் கொடுப்பாங்களே."

மறுவாரமே மூன்று அறிமுகப் புத்தகங்களும் வீட்டுக்கு வந்துசேர்ந்தன. சாப்பாட்டு மேசையில் அவற்றை வரிசையாகப் பரப்பி வைத்தார்கள். பதினோரு வயது மகள், வீட்டில் சுண்டெலி என்று பெயர், முதலில் கண்டுபிடித்தாள்.

"அம்மா, மூணு புத்தகத்துலயும் ஒரே மரம். மரத்தடியில நாலு பேர். நாலு பேரும் எதையோ பாத்துச் சிரிக்கிறாங்க."

"படிக்கிற இடத்துல அப்படி என்ன சிரிப்பு?" என்றார் அப்பா.

மூன்றும் ஒரே பாட்டைத்தான் பாடின. சிறந்த ஆசிரியர்கள், நட்பான சூழல், எல்லோருக்கும் இடம். அவள் புத்தகங்களை மூடி வைத்தாள்.

"இது வேணாம். எனக்கு மூணு இடமும் உள்ளுக்குள்ளயே தெரியும்," என்றாள்.

அது வெறும் பேச்சில்லை. மூன்று இடத்து மனிதர்களையும் அவள் இக்கட்டில் பார்த்திருந்தாள். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால் மெஷின் அறைக்குப் போய், பிரேக்கைக் கையால் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றி, பெட்டியை ஒரு மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறப்பவள் அவள்தான்.

கல் கட்டடங்களும் மணிக்கூண்டும் உள்ள பல்கலைக்கழகத்தை வீட்டில் 'பழசு' என்பார்கள். அங்கே ஒரு தடவை ஒன்பது பேர் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார்கள். கதவைத் திறந்தபோது அரசியல் பற்றி ஒரு விவாதம் அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. "ரெண்டே நிமிஷம் அக்கா, இவன் முடிச்சுக்கட்டும்" என்றாள் ஒரு பெண். அடுத்தது 'கண்ணாடி'. பெயருக்கேற்றபடி எல்லாமே கண்ணாடிச் சுவர். அங்கே ஐந்து பேர் மாட்டியபோது ஐந்து பேரும் தனித்தனியாக நிறுவனத்துக்குப் போன் செய்தார்கள். வெளியே வந்ததும் ஒருவன், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னான். தேர்வுக்குக் கூடுதல் நேரம் கேட்க வேண்டுமாம். மூன்றாவது, ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கும் 'மேடு'. அங்கே நூலகத்து லிஃப்டில் ஆறு பேர். கதவு திறந்தபோது உள்ளே மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. மெல்லிய குரலில் நன்றி சொல்லிவிட்டுக் கலைந்து போனார்கள்.

"மேட்டுல உம்மணாமூஞ்சிங்க," என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். "முதல்ல பழசு, ரெண்டாவது கண்ணாடி. போதும்."

கணவர் தலையை ஆட்டவில்லை. "நீ லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போனவ. ஒரு தடவையாவது படிக்கப் போறவளா போய்ப் பாரு. நான் ஓட்டுற ரூட்டுல இருபது வருஷமா ஒரு பூங்கா இருக்கு. போன மாசம்தான் உள்ள போனேன். உள்ள ஒரு குளம் இருக்குது, தெரியுமா?"

தனக்கு வார விடுமுறையான செவ்வாய்க்கிழமை, சீருடை இல்லாமல், கைப்பையோடு பழசுக்குப் போனாள். வாசல் காவலாளி வழக்கம்போல், "எந்த லிஃப்ட் மக்கர் பண்ணுது?" என்றார்.

"லிஃப்ட் இல்லைங்க. படிக்க விண்ணப்பம் போடலாம்னு... பாத்துட்டுப் போக வந்தேன்."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பார்வையாளர் அட்டையை எடுத்து, அதைத் தன் சட்டைக் கையில் ஒரு தடவை துடைத்து நீட்டினார். "நல்லா பாருங்கம்மா. அவசரமே இல்லை," என்றார். இத்தனை வருடத்தில் அவர் அவளை அம்மா என்றது அதுதான் முதல் தடவை. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

கேன்டீனில் அவளைத் தனியாக உட்கார விடவில்லை. ஒரு மேசைக்கு எட்டுப் பேர். நாற்காலியை இழுத்துப் போட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, கூடுதல் வேலை நேரத்தைப் பற்றி அவள் கருத்தைக் கேட்டார்கள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் பேச ஆரம்பித்தார். அவளுக்குச் சிரிப்பாக வந்தது. அந்தக் கலகலப்பு பிடித்தும் இருந்தது. நடுவில், "வொர்க்‌ஷாப் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?" என்று கேட்டாள்.

எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வொர்க்‌ஷாப்பா? பின்னாடி எங்கேயோ இருக்கு," என்றான் மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்.

அவளுக்குத் தெரியும், எங்கே இருக்கிறது என்று. போய்ப் பார்த்தாள். மூன்று மணிக்கே பூட்டுத் தொங்கியது.

அடுத்த வாரம் கண்ணாடி. அங்கே எல்லாம் அளந்து வைத்த மாதிரி இருந்தது. வழிகாட்டியாக வந்த பெண் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். ஆனால் ஆய்வுக்கூடம்! இரும்புக் கம்பியை இழுத்து அறுத்துப் பார்க்கும் ஆள் உயர இயந்திரம் ஒன்று இருந்தது. எவ்வளவு இழுத்தால் அறும் என்பதை அது திரையில் கோடாக வரைந்துகொண்டே வந்தது. கம்பி 'டப்'பென்று அறுந்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த அறையை விட்டு வர மனமே இல்லை.

வெளியே லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய திரை. அதற்கு மின்கம்பி இழுக்க அவளே இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தாள். அதில் என்ன ஓடுகிறது என்று நின்று படித்ததில்லை. அன்றைக்குப் படித்தாள். மாணவர்களின் பெயர், அந்த வார மதிப்பெண், தரவரிசை. அங்கே நின்ற ஒரு பையனிடம் கேட்டாள்: "பாடம் புரியலைன்னா யார்கிட்ட கேப்பீங்க?"

அவன் யோசித்தான். மரியாதையான பையன். "ஆசிரியருக்கு மெயில் போடுவோம்."

"கூடப் படிக்கிறவங்ககிட்ட?"

"அவங்க கேட்டா நான் சொல்லுவேன்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "யாரும் கேட்டதில்லை," என்றான்.

இரண்டையும் பார்த்தாயிற்று, விண்ணப்பத்தை எழுத வேண்டியதுதான் என்று இருந்தபோது, ஒரு புதன்கிழமை மதியம் மேட்டிலிருந்து அழைப்பு வந்தது. நூலகத்து லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே நான்கு பேர். சீருடையோடு வண்டியில் ஏறிப் போனாள். மெஷின் அறையிலிருந்து குனிந்து, "பயப்படாதீங்க, இறக்கிடறேன்" என்று குரல் கொடுத்தாள். "சரிங்க" என்று ஒரே ஒரு மெல்லிய குரல். அப்புறம் சத்தமே இல்லை. மறுபடியும் அதே உம்மணாமூஞ்சிகள் என்று நினைத்தபடி சக்கரத்தைச் சுழற்றினாள்.

கதவைத் திறந்து நான்கு பேரும் வெளியே வந்ததும் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏம்ப்பா, இவ்வளவு நேரம் மாட்டிக்கிட்டு இருக்கீங்க, ஒரு வார்த்தை பேசிக்க மாட்டீங்களா?"

மூக்குக்கண்ணாடி போட்ட முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி உதட்டில் விரலை வைத்து, அவள் கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனாள். கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள்.

"இந்த லிஃப்டுல பேசினா ஏழு மாடியிலயும் கேக்கும் அக்கா. ஒவ்வொரு மாடியிலயும் லிஃப்ட் கதவுக்கு நேர எதிர்ல படிக்கிற ஹால். அதனால உள்ள யாரும் பேச மாட்டோம். சேர்ந்த முதல் நாளே சீனியருங்க சொல்லிடுவாங்க."

லிஃப்ட் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த நீளக் குழி சத்தத்தைக் குழாய் மாதிரி கொண்டுபோகும் என்பது அவளை விட யாருக்குத் தெரியும்? மேட்டில் இருப்பது அந்த ஒரே லிஃப்ட். அதற்குள் பார்த்ததை வைத்து ஒரு பல்கலைக்கழகத்துக்கே பெயர் வைத்துவிட்டாள்.

படிக்கட்டில் அந்த நான்கு பேரும் பேசிய பேச்சு இருக்கிறதே! லிஃப்டுக்கு என்ன ஆயிற்று, ஏன் நின்றது, நீங்கள் எப்படி இறக்கினீர்கள் என்று துளைத்தெடுத்தார்கள். மூன்றாவது மாடிக் கதவின் பூட்டில் தூசி அடைந்திருந்தது. எல்லா மாடிக் கதவும் ஒழுங்காகப் பூட்டியிருந்தால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும், ஒன்று சரியில்லை என்றாலும் லிஃப்ட் நின்றுவிடும் என்று அவள் காட்டினாள். அதைத் துடைத்து முடிக்கும் வரை நான்கு பேரும் நகரவில்லை. பிறகு, "எங்க வொர்க்‌ஷாப்பைப் பாக்கறீங்களா?" என்று இழுத்துக்கொண்டு போனார்கள்.

தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை அது. இயந்திரங்கள் எல்லாம் அவளுடைய அப்பா காலத்தவை. தரை முழுக்க எண்ணெய்க் கறை. கண்ணாடியின் ஆய்வுக்கூடத்துக்கு முன்னால் நிறுத்தவே முடியாது. ஆனால் மதியம் மூன்று மணிக்கு இருபது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பிடிக்க இன்னொருவர் துளை போட்டார். சுவரில் ஒரு கரும்பலகை. விடை தெரியாத கேள்வியை யார் வேண்டுமானாலும் அதில் எழுதலாம். தெரிந்தவர்கள் அடியில் பதில் எழுதுவார்கள். அன்றைக்கு மேலே இருந்த கேள்வி இது: 'சுமைதூக்கி இயந்திரத்தில் நாலு கயிறும் ஒரே நாளில் போட்டது. ஒன்று மட்டும் ஏன் சீக்கிரம் தேய்கிறது?'

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "நான் எழுதலாமா?"

"எழுதத்தானே பலகை," என்றாள் கண்ணாடி போட்ட பெண்.

சாக்கட்டியை எடுத்து எழுதினாள்: 'நாலு கயிறும் சமமான இறுக்கத்தில் இல்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். அதிர்வு வித்தியாசமாக இருக்கும்.'

இரண்டு நாள் கழித்து, பூட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போன சாக்கில் வொர்க்‌ஷாப்பை எட்டிப் பார்த்தாள். அவள் எழுத்துக்கு அடியில் வேறு கையெழுத்தில் இருந்தது: 'தட்டிப் பார்த்தோம். உண்மைதான்! இதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது?'

அதற்குப் பதில் அவளுக்குத் தெரியாது. அந்தப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். தெரியாது என்பது அங்கே வெட்கப்படும்படியாக இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கும் தெரியாது, அதனால்தான் எழுதியிருந்தார்.

அன்று சாயங்காலம் மேசையில் விண்ணப்பத்தை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சுண்டெலி ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். கழிவறைச் சுத்தத்துக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம் வரை கொடுக்கலாமாம்.

"கழிவறைக்கா படிக்கப் போறேன்?"

"நாள் முழுக்க அங்கதானம்மா இருக்கப் போற. சொல்லு, எத்தனை ஸ்டார்?"

"கண்ணாடிக்கு அஞ்சு. பழசுக்கு மூணு. மேட்டுக்கு..." அவள் கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டுன்னு போடு. அதுவே தாராளம்."

"மேட்டுக் கேன்டீன் சாப்பாட்டை எங்க டிரைவருங்க வாயில வெக்க மாட்டாங்க," என்றார் கணவர். "பஸ்ஸும் போக ஒண்ணேகால் மணி நேரம், வர ஒண்ணேகால் மணி நேரம். யோசிச்சுக்கோ."

"யோசிச்சேன். கண்ணாடியில அந்த மெஷினை விட்டுட்டு வர எனக்கு அழுகையே வந்துச்சு. ஆனா அங்க நான் தப்பா ஒரு கணக்குப் போட்டா அது திரையில ஓடும். பழசுல எல்லாரும் நல்ல பிள்ளைங்க. ஆனா கையில அழுக்குப் பட வேணாம்னு பாக்கறாங்க. மேட்டுல எனக்குத் தெரியாததை அவங்ககிட்ட கேக்கலாம், அவங்களுக்குத் தெரியாததை என்கிட்ட கேப்பாங்க. எனக்கு அதுதான் சரியா வரும்."

முதல் விருப்பம் மேடு, இரண்டாவது பழசு என்று எழுதினாள். எழுதி முடித்ததும், "சாப்பாடு நான் கட்டித் தரேன்," என்றார் கணவர்.

நேர்முகத்தில் மேட்டுப் பேராசிரியர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள், "ஏன் எங்களை முதல் விருப்பமா போட்டீங்க?" என்று கேட்டார்.

"முதல்ல உங்களை லிஸ்டுலயே சேக்கலைங்க," என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். போச்சுடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஆரம்பித்ததை முடித்தாக வேண்டும். லிஃப்ட் கதை, உம்மணாமூஞ்சி, கரும்பலகை என்று எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஓரத்தில் இருந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்காமல், "அந்தக் கயிறு விஷயத்தைக் கணக்குல எப்படிக் காட்டறதுன்னு பலகையில எழுதினது நான்தான்," என்றார்.

முடிவுகள் வந்தன. பழசு அவளை எடுக்கவில்லை. மேடு காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவதாகப் போட்டது. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அதே வாரம் பழசுக்கு வேலையாகப் போக வேண்டியிருந்தது. விஷயம் கேட்ட காவலாளிக்கு அவளை விட அதிகக் கோபம். "உங்களை எடுக்காம வேற யாரை எடுத்தாங்களாம்? அந்த லிஃப்டை இன்னைக்குப் பாக்காதீங்க, விடுங்க. எல்லாரும் படி ஏறட்டும்," என்றார். அவள் சிரித்துவிட்டு, போய் லிஃப்டைப் பார்த்தாள். எண்ணெய் போட வேண்டிய இடத்தில் எல்லாம் போட்டுவிட்டுத்தான் வந்தாள்.

வகுப்பு தொடங்க ஒன்பது நாள் இருந்தபோது மேட்டிலிருந்து தொலைபேசி வந்தது. மூன்று பேர் விலகியிருந்தார்கள். அப்போது அவள் ஓர் அலுவலகக் கட்டடத்தின் எட்டாவது மாடியில், லிஃப்டின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தாள். "சரிங்க, சரிங்க" என்று நாலு தடவை சொன்னாள். போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். கீழே காத்திருந்தவர்கள், "மேடம், ஏதாவது பெரிய ரிப்பேரா?" என்று குரல் கொடுத்தார்கள்.

நிறுவனத்தின் மேலாளர் முதலில் முகம் சுளித்தார். வேறு மெக்கானிக்கைத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், சனி ஞாயிறும் அவசர அழைப்புகளும் போதும் என்று இறங்கி வந்தார்.

முதல் அரையாண்டில் கணக்குத் தாளில் அவள் தோற்றாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது சுண்டெலிக்குத்தான் முகம் விழுந்தது. லிஃப்ட் அக்கா அந்தத் தாளில் தான் தவறவிட்ட இரண்டு கணக்கைக் கரும்பலகையில் எழுதி வைத்தாள். கண்ணாடி போட்ட பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் ஒரு வாரம் முழுக்க மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பதிலுக்கு அவள் கணவர் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை நான்காகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த விஷயம் தெரிந்ததும் அவர் பெரிய டப்பா வாங்கினார். மறுதேர்வில் அவள் தேறினாள். பிரமாதமான மதிப்பெண் இல்லை; ஆனால் தேறினாள்.

இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறாள். பஸ்ஸில் போகிற ஒண்ணேகால் மணி நேரத்தில் பாதி தூக்கம், பாதி படிப்பு. போன வாரம் ஒரு அரசு விடுமுறை நாள் காலையில் கூடப் படிக்கிறவர்கள் மூன்று பேர் தேர்வுக்குப் படிக்க வீட்டுக்கு வந்தார்கள். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். சுண்டெலி தன் வீட்டுப்பாடத்தோடு ஓர் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ரப்பரை யார் எடுத்தது என்று எல்லோரையும் விசாரித்தாள். குழாயில் ஓடும் நீரின் அழுத்தம் பற்றிய கணக்கு ஒன்று நான்கு பேருக்கும் பிடி கொடுக்காமல் மதியம் வரை இழுத்தது. கடைசியில் லிஃப்ட் அக்காதான் அலகு மாற்றாமல் விட்ட இடத்தைக் கண்டுபிடித்தாள்.

"அக்கா, இதை முதல் வரியிலயே பாத்திருக்கலாமே!" என்றாள் கண்ணாடி போட்ட பெண்.

"முதல் வரியை எழுதினது நீதான்மா," என்றாள் அவள்.

சமையலறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்து, காகிதத்தை எல்லாம் எடுங்கள், தட்டு வைக்க இடம் வேண்டும் என்றார். சுண்டெலி முதல் ஆளாகத் தன் நோட்டை மூடினாள்.